புகார் நகரும் கண்ணகி நகரும்

(பத்தாம் ஆண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



ஊர் என்பது வீடுகளின் தொகை அன்று. வீடும் தொழிலும், அங்காடியும் பள்ளியும், நீர்நிலையும் நிழலும் நடந்து செல்லும் தொலைவில் அமைந்திருக்க வேண்டும். செல்வரும் எளியரும் அதனுள் இடம்பெற வேண்டும். அடுத்த தலைமுறைக்கும் அந்நிலம் பயன்படுமாறு காக்கப்பட வேண்டும். அப்போதுதான் அஃது ஊராகிறது. இத்தகைய ஊர்ப்பகுதியை இன்றைய நகரமைப்பு வல்லுநர்கள் 'நீடித்து நிலைக்கும் கலப்புப் பயன்பாட்டுக் குடியிருப்பு' என்று வழங்குகின்றனர். பெயர் புதியது, பொருள் பழையது.

இலக்கிய வட்டத்தின் மேடையில் நகரமைப்புக்கு என்ன இடம் என்று சிலர் வினவலாம். விடைகள் இரண்டு உள்ளன. பழந்தமிழ் நகரங்கள் எவ்வாறு இயங்கின என்பதற்கு மிக விரிவான சான்றுகளைத் தருபவை காப்பியங்களும் பத்துப்பாட்டும் ஆகும் என்பது ஒன்று. சென்னையின் விளிம்பில் நகரத்து எளியவர்களைக் கொண்டுசென்று குடியமர்த்திய ஓரிடத்திற்குச் சிலப்பதிகாரத் தலைவியின் பெயரே சூட்டப்பட்டுள்ளது என்பது மற்றொன்று. பெயரைக் காப்பியத்திலிருந்து எடுத்துக்கொண்டவர்கள் காப்பியம் காட்டும் ஊரமைப்பை எடுத்துக்கொண்டார்களா என்பதே இவ்வுரையின் வினா.

சொற்கள் காட்டும் ஊர்

பாக்கம், பாடி, குறிச்சி, சேரி, மறுகு, ஆவணம், அங்காடி, மன்றம், பொதியில் எனக் குடியிருப்பையும் அதன் பகுதிகளையும் குறிக்கத் தமிழில் வழங்கிய சொற்கள் பல. இவற்றுள் மறுகும் ஆவணமும் தெருவைக் குறிப்பன. மன்றமும் பொதியிலும் எவருக்கும் தனியுரிமை இல்லாத பொதுவிடத்தைக் குறிப்பன. வீட்டிற்கு மட்டுமன்றி, வீட்டிற்கு வெளியே மக்கள் கூடும் இடத்திற்கும் இத்தனை சொற்களைப் படைத்த மொழி, அவ்விடம் இன்றியமையாதது என்று கருதியிருக்க வேண்டும்.

சேரி என்னும் சொல்லின் வரலாறு தனியே எண்ணத்தக்கது. சேர்ந்து வாழும் இடம் என்னும் பொருளில், எந்த மக்கட் பிரிவினரின் குடியிருப்புக்கும் அச்சொல் பழைய இலக்கியத்தில் வழங்கியது. பின்னாளில் அது ஒடுக்கப்பட்டோரின் இருப்பிடத்திற்கு மட்டும் உரியதாய்ச் சுருங்கியது. சொல்லின் பொருள் தானாகச் சுருங்கவில்லை. மக்களைப் பிரித்துக் குடியமர்த்திய வழக்கமே சொல்லையும் பிரித்தது.

இளங்கோவடிகள் காட்டும் புகார்

இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரம் இரண்டு பகுதிகளாகக் காட்டப்படுகிறது. கடலை அடுத்தது மருவூர்ப்பாக்கம். உள்நிலத்தை அடுத்தது பட்டினப்பாக்கம். மருவூர்ப்பாக்கத்தில் யவனர் இருக்கைகள் உள்ளன. கலங்களில் வந்த பிறநாட்டு வணிகர் அங்கே கலந்து உறைகின்றனர். மணப்பொருள் விற்போர், நெசவாளர், கூல வணிகர், மீனும் உப்பும் விற்போர், கள் விற்போர், வெற்றிலை விற்போர், கன்னார், கொல்லர், தச்சர், பொற்கொல்லர், தையற்காரர், தோல் வினைஞர், இசைவாணர் என அங்கு வாழ்வோரின் பட்டியல் நீள்கிறது. பட்டினப்பாக்கத்தில் அரச வீதியும் தேர் வீதியும் பெருவணிகர் மாடங்களும் இருக்கின்றன. உழவரும் மருத்துவரும் காலக்கணிதரும் முத்துக் கோப்போரும் சங்கறுத்து வளையல் செய்வோரும் அங்கேயே வாழ்கின்றனர்.

இவ்விரு பகுதிகளுக்கும் இடையில் நாளங்காடி அமைந்திருக்கிறது. அது கட்டடம் அன்று, சோலை. அடர்ந்த மரங்களின் அடிகளையே கால்களாகக் கொண்டு கடைகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. இரு பகுதியினரும் பொருளைக் கொடுக்கவும் கொள்ளவும் அங்கே வந்தாக வேண்டும். நகரின் இரு பிரிவுகளுக்கும் நடுவில் மதிலோ வெற்றுவெளியோ இல்லாமல் ஒரு சந்தை இருந்தது என்பதை அடிகள் வெறும் வருணனையாகக் கூறினார் எனக் கொள்வதற்கில்லை. மரங்களின் நிழலும் வணிகமும் மக்கள் நடமாட்டமும் ஒரே நிலத்தில் இணைந்த ஏற்பாடு அது.

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி இதற்கு இன்னொரு பரிமாணத்தைச் சேர்க்கிறது. 782 அடிகளைக் கொண்ட அப்பாட்டு மதுரையை ஒரு நாளின் பொழுதுகளில் வைத்துக் காட்டுகிறது. பகலில் நாளங்காடியின் ஆரவாரம் கேட்கிறது. மாலையில் அல்லங்காடி தொடங்குகிறது. நள்ளிரவில் ஊர்க்காவலர் தெருக்களைச் சுற்றி வருகின்றனர். விடியலில் மீண்டும் ஒலிகள் எழுகின்றன. ஒரே தெருவை வெவ்வேறு பொழுதில் வெவ்வேறு மக்கள் பயன்படுத்துகின்றனர்.

1961-இல் அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் தம் புகழ்பெற்ற நூலில் நகர்ப்பகுதி உயிர்ப்புடன் இருக்க நான்கு நிலைமைகளை வகுத்தார். ஒரு பகுதி ஒன்றுக்கு மேற்பட்ட முதன்மைப் பயன்களைக் கொண்டிருத்தல், அடிக்கடி திரும்பத்தக்க குறுந்தெருக்கள், புதியனவும் பழையனவுமாகக் கலந்த கட்டடங்கள், போதிய மக்கள் அடர்த்தி என்பன அவை. பல பொழுதுகளில் பல நோக்கங்களோடு வருவோரின் கண்கள் தெருவின்மேல் இருப்பதே அத்தெருவுக்குக் காவல் என்பது அவர் கருத்து. நாளங்காடியும் அல்லங்காடியும் அமைந்த மதுரையின் தெருக்களுக்கு இக்கருத்து நன்கு பொருந்துகிறது.

ஆயினும் பழமையைப் பொன்னுலகமாகக் கொள்ளுதல் ஆய்வுக்கு அழகன்று. புகாரில் ஒவ்வொரு தொழிலாளர்க்கும் தனித்தனித் தெருக்கள் இருந்தன. அரசரும் பெருவணிகரும் ஒருபுறமும் கைவினைஞரிற் பலர் மறுபுறமும் வாழ்ந்தனர். அது சமநிலை நகரம் அன்று. ஆனால் தொழில் செய்வோர் அந்நகரத்திற்குள் வாழ்ந்தனர்; அவர்களின் இல்லமும் உலைக்களமும் தறியும் கடையும் ஒன்றாகவோ அருகிலோ இருந்தன. புகாரிலிருந்து கொள்ளத்தக்க பாடம் இந்த அண்மை மட்டுமே.

பிரித்து வைத்த நூற்றாண்டு

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆலைத்தொழில் பெருகியபோது புகையும் கழிவும் இரைச்சலும் குடியிருப்புகளை நலிவித்தன. ஆலையை வீட்டிலிருந்து விலக்குதல் அன்று தேவையாயிற்று. 1916-இல் நியூயார்க் நகரம் முழுவதற்குமான மண்டல விதிகளை வகுத்தது. 1926-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய விதிகள் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. 1933-இல் கூடிய நவீனக் கட்டடக்கலைஞர் மாநாடு வாழ்தல், உழைத்தல், பொழுதுபோக்கல், போக்குவரத்து என நகரின் செயல்களை நான்காகப் பிரித்தது. அதன் முடிவுகளைப் பின்னர் ல கொர்பூசியே 'ஏதென்ஸ் சாசனம்' என வெளியிட்டார்.

நோய்க்கு மருந்தாக வந்த பிரிவினை நாளடைவில் அளவை மீறியது. ஆலையை விலக்கிய விதி தையற்கடையையும் மளிகைக்கடையையும் விலக்கியது. பின்னர்ப் பெரிய வீட்டையும் சிறிய வீட்டையும் ஓரிடத்தில் சேரவிடாது தடுத்தது. மக்கள் உறங்குவதற்கு ஓரிடமும் உழைப்பதற்கு ஓரிடமும் எனப் பகுக்கப்பட்டனர். இடைப்பட்ட தொலைவைக் கடக்க ஊர்தி வேண்டியதாயிற்று. ஊர்திக்குச் சாலையும் எரிபொருளும் வேண்டியதாயின. ஊர்தி வாங்க இயலாதவர்க்குத் தொலைவே தண்டனையாயிற்று.

படைவீட்டில் எழுந்த குடியிருப்பு

இப்பிரிவினையை மாற்றியமைத்த முயற்சிகளுள் சிறப்பாகக் குறிக்கத்தக்கது செருமனியின் ஃபிரைபுர்க் நகரிலுள்ள வோபான் என்னும் பகுதி. ஃபிரெஞ்சுப் படையினர் தங்கியிருந்த அவ்விடம், 1992-இல் அவர்கள் வெளியேறியதும் வெறுமையாயிற்று. ஏறத்தாழ 40 ஹெக்டேர் பரப்புள்ள அந்நிலத்தில் நகராட்சி புதிய குடியிருப்பைத் திட்டமிட்டது. 1990-களின் நடுவிலிருந்து 'ஃபோரம் வோபான்' என்னும் குடிமக்கள் அமைப்பு திட்டத்தில் பங்குகொண்டது. இன்று அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 5,500 பேர்.

அங்குச் செய்யப்பட்டவை எளிய செயல்களே. நிலம் முழுவதையும் ஒரே கட்டுமான நிறுவனத்திடம் கொடுத்துவிடாமல், சிறு மனைகளாகப் பிரித்து, கூடி வீடு கட்டிக்கொள்ளும் குடும்பக் குழுக்களுக்கும் விற்றனர். முதன்மைச் சாலையின் ஓரத்துக் கட்டடங்களின் தரைத்தளம் கடைகளுக்கும் பணியிடங்களுக்கும் உரியதாயிற்று, மேல்தளங்கள் வீடுகளாயின. குடியிருப்புத் தெருக்களில் ஊர்திகள் நடைவேகத்திலேயே செல்லலாம். ஏற்றி இறக்க நிற்கலாமே தவிர நிறுத்திவைத்தல் கூடாது. கார் வைத்திருப்போர் பகுதியின் விளிம்பில் உள்ள பொது நிறுத்தகத்தில் தனியே விலை கொடுத்து இடம் பெற வேண்டும். கார் இல்லாதோர் அதனை எழுத்தில் உறுதி செய்தால் அச்செலவிலிருந்து பெரும்பகுதி விலக்குப் பெறுவர். கார் நிறுத்தும் செலவு வீட்டின் விலைக்குள் மறைந்திராமல் வெளிப்படையாகத் தெரிந்ததனால் பலர் காரைக் கைவிட்டனர். 2006-இல் டிராம் வண்டி அப்பகுதிக்குள் வந்தது.

வீடுகளைச் சூடாக்கும் ஆற்றலுக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டொன்றுக்கு 65 கிலோவாட் மணி என்னும் வரம்பு விதிக்கப்பட்டது. ரோல்ஃப் டிஷ் என்னும் கட்டடக்கலைஞர் அமைத்த 59 வீடுகளைக் கொண்ட சூரியக் குடியிருப்பு தான் செலவிடுவதினும் மிகுதியான ஆற்றலைத் தருகிறது. மழைநீர் குழாயில் ஓடி மறையாமல், புல் வளர்ந்த பள்ளங்களில் தேங்கி நிலத்தில் இறங்குகிறது. இருந்த பெருமரங்கள் இயன்றவரை காக்கப்பட்டன. பழைய படைவீடுகள் சில இடிக்கப்படாமல் மாணவர் விடுதியாகவும் குறைந்த வாடகை வீடுகளாகவும் மாற்றப்பட்டன.

குறையும் உண்டு. அப்பகுதியின் புகழ் வளர வளர விலையும் வளர்ந்தது. முதலில் எண்ணிய அளவுக்கு எளிய வருவாயினர் அங்கு இடம்பெறவில்லை. சூழலைக் காக்கும் ஊர் செல்வர்க்கு மட்டும் உரிய ஊராகிவிடக்கூடும் என்னும் எச்சரிக்கையையும் வோபான் தருகிறது.

அரண்யா: எளியவரை நடுவில் வைத்த திட்டம்

அந்த எச்சரிக்கைக்கு விடைதேடிய இந்திய முயற்சி இந்தூரில் உள்ளது. 1980-களில் பாலகிருஷ்ண தோஷி வகுத்த அரண்யா என்னும் அக்குடியிருப்பு, ஏறத்தாழ 85 ஹெக்டேர் நிலத்தில் ஏறத்தாழ 6,500 மனைகளைக் கொண்டது. அம்மனைகளில் பெரும்பான்மை மிகக் குறைந்த வருவாயினர்க்கு உரியது. மிகச் சிறிய மனையின் பரப்பு 35 சதுர மீட்டர்.

நெடுஞ்சாலையை ஒட்டிய விலைமிக்க மனைகள் வசதியுள்ளோர்க்கு விற்கப்பட்டு, அவ்வருவாய் எளியவர் மனைகளின் செலவைத் தாங்க உதவியது. எளியவர்க்கு முழுவீடு கட்டித் தரப்படவில்லை. அடித்தளம், கழிப்பறை, நீர்க்குழாய் முதலிய அடிப்படை வசதிகள் தரப்பட்டன. கையில் பணம் சேரும்போது அறையை அவர்களே கூட்டிக்கொள்ளலாம், மாடி எழுப்பலாம், முன்புறத்தில் கடை வைக்கலாம். நடுவே வணிகத்திற்கான முதுகெலும்பு போன்ற பகுதியும், ஒவ்வொரு பிரிவிலிருந்தும் அதனை நோக்கி நடந்துவரும் வழிகளும் அமைந்தன. 1995-இல் இத்திட்டம் ஆகா கான் கட்டடக்கலை விருதைப் பெற்றது. 2018-இல் தோஷிக்குப் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. பின்னாளில் மனைகள் பல வசதியுள்ளோர் கைக்கு மாறின என்பது உண்மையே. ஆயினும் வீடு வளரக்கூடியது, தொழில் வீட்டோடு பிறக்கக்கூடியது என்னும் இரண்டு உண்மைகளை வரைபடத்திலேயே ஏற்றுக்கொண்ட திட்டம் அது.

கண்ணகியின் பெயரால்

தமிழ்நாட்டில் குடிசைமாற்று வாரியம் 1970-இல் தோன்றியது. முதற் பத்தாண்டுகளில், குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்கு வீடுகள் கட்டித் தரும் வழக்கம் முதன்மை பெற்றிருந்தது. மக்களின் தொழிலும் பள்ளியும் உறவும் அவ்விடத்திலேயே தொடர்ந்தன. பின்னர் நகரத்து நிலத்தின் விலை ஏறியது. ஆற்றோரங்களும் சாலையோரங்களும் வேறு திட்டங்களுக்குத் தேவைப்பட்டன. 2000-ஆம் ஆண்டு முதல் நகரின் பல பகுதிகளிலிருந்து குடும்பங்கள் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்டன. நகரின் மையத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்விடத்தில் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 200 சதுர அடிக்கும் குறைவான வீடுகளும் அவற்றுள் உண்டு. அதுவே கண்ணகி நகர்.

வீடு கிடைத்தது; ஊர் கிடைக்கவில்லை. மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் நான்கு வீடுகளில் வேலை செய்து மதியத்திற்குள் திரும்பிய பெண்ணுக்கு, இப்போது போய்வரவே அரைநாள் கழிந்தது. மீன் கூடையோ பூக்கூடையோ சுமந்து தெருத்தெருவாக விற்றவர்க்கு, வாங்கும் தெருவும் விற்கும் தெருவும் தொலைவாயின. நடைபாதையில் கடை வைத்திருந்தவர் கடையைத் தூக்கிக்கொண்டு வர இயலவில்லை. பிள்ளைகள் பலர் பள்ளியை விட்டனர். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் கிடைத்தது பெரும் உதவி. அது கட்டணத்தைக் குறைத்தது, காலத்தைக் குறைக்கவில்லை. அருகில் வளர்ந்த தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் தூய்மைப் பணியும் காவற்பணியும் சிலர்க்குக் கிடைத்தன. முகவரியைச் சொன்னால் வேலை மறுக்கப்படுகிறது என்னும் குறையும் அங்குள்ள இளைஞரிடமிருந்து எழுந்தது. சேரி என்னும் சொல்லுக்கு நேர்ந்ததே கண்ணகி நகர் என்னும் சொல்லுக்கும் நேர்ந்தது. 2020-இல் அங்குள்ள சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டது அப்பழியைத் துடைக்க எடுத்த முயற்சிகளுள் ஒன்று.

2004-இன் ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரியிலும், 2015-இன் பெருவெள்ளத்திற்குப் பின் பெரும்பாக்கத்திலும் இதே முறை தொடர்ந்தது. ஆற்றோரத்தில் வாழ்வது ஆபத்து என்று கூறி மக்கள் அகற்றப்பட்டனர். குடியமர்த்தப்பட்ட இடங்களோ பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடுத்த தாழ்நிலங்கள். 2015 வெள்ளத்தில் செம்மஞ்சேரியும் நீரில் நின்றது. அச்சதுப்புநிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. காக்கப்பட வேண்டிய நீர்நிலையின் விளிம்பிலேயே காக்கப்பட வேண்டிய மக்களும் வைக்கப்பட்டுள்ளனர்.

இங்கே காப்பியத்திற்குத் திரும்புதல் தகும். பொருளை இழந்த கோவலன், சிலம்பை முதலாகக் கொண்டு வாணிகம் செய்து வாழ்வை மீட்கவே கண்ணகியுடன் மதுரைக்குப் புறப்பட்டான். பிழைப்பைத் தேடிய பயணம் அது. மதுரையை அடைந்ததும் அவர்கள் தங்கியது கோட்டைக்கு உள்ளே அன்று, புறஞ்சேரியில். பின்னர்க் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலம் தர, ஆயர் குடியிருப்பில் ஓர் எளிய மனையில் அவள் சமைத்துப் பரிமாறினாள். அங்கிருந்துதான் கோவலன் சிலம்புடன் நகருக்குள் சென்றான். சென்றவன் திரும்பவில்லை. அயலூரான், அறிந்தவர் இல்லாதவன், விளிம்பிலிருந்து வந்தவன் என்னும் நிலையில் நின்றவனைக் கள்வன் என்று சொல்வது பொற்கொல்லனுக்கு எளிதாயிற்று. விளிம்பில் இருத்தப்பட்டவரின் சொல் நகரத்தின் நடுவில் எடுபடாது என்பதைக் காப்பியம் அன்றே காட்டியது. பெயரிட்டவர்கள் எண்ணியிராத வகையில் கண்ணகி நகர் என்னும் பெயர் பொருந்திவிட்டது.

ஊரை அமைக்கும் நெறிகள்

2014-இல் ஐக்கிய நாடுகளின் மனிதக் குடியிருப்பு அமைப்பு வெளியிட்ட குறிப்பு, நிலைத்த குடியிருப்புக்கு ஐந்து அளவைகளைத் தருகிறது. நிலத்தில் குறைந்தது 30 விழுக்காடு தெருக்களுக்கு. ஒரு சதுரக் கிலோமீட்டருக்குக் குறைந்தது 15,000 மக்கள். தளப்பரப்பில் குறைந்தது 40 விழுக்காடு தொழிலுக்கும் வணிகத்திற்கும். குடியிருப்புப் பரப்பில் 20 முதல் 50 விழுக்காடு வரை குறைந்த விலை வீடுகள். ஒரே பயனுக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட பகுதிகள் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. இவ்வளவைகளைக் கண்ணகி நகரோடு ஒப்பிட்டால் குறை எங்கே என்பது விளங்கும். அடர்த்தி மிகுதியாகவே உள்ளது, கலப்பே இல்லை. தொழிலுக்கு இடம் ஒதுக்கப்படவில்லை. எல்லா வீடுகளும் ஒரே வருவாயினர்க்கு உரியன.

ஆயினும் மக்கள் அதனைத் திருத்தத் தொடங்கிவிட்டனர். தரைத்தள வீட்டின் முன்னறை இட்லிக் கடையாகிறது. சன்னல் வழியே மளிகை விற்கப்படுகிறது. படிக்கட்டின் அடியில் தையல் எந்திரம் ஓடுகிறது. விதியின் கண்ணுக்கு இவை ஆக்கிரமிப்புகள். ஊரமைப்பின் கண்ணுக்கு இவையே மருவூர்ப்பாக்கத்தின் தொடர்ச்சி. இனி அமையும் குடியிருப்புகளுக்கான நெறியை இவற்றிலிருந்தே வகுக்கலாம்.

முதலாவது, குடும்பத்தின் தொழில் எங்குள்ளது என்பதை அறிந்த பின்னரே வீடு எங்கு என்பது முடிவாக வேண்டும். இருந்த இடத்திலேயே கட்டித் தருதல் முதல் வழி. இயலாதபோது அருகில் அமைத்தல் அடுத்த வழி. இரண்டாவது, தரைத்தளம் தொழிலுக்கும் கடைக்கும் குழந்தைகள் காப்பகத்திற்கும் உரியதாக வரைபடத்திலேயே குறிக்கப்பட வேண்டும். மூன்றாவது, பல அளவுள்ள வீடுகளும் பல வருவாயினரும் ஒரே தெருவில் இடம்பெற வேண்டும். நான்காவது, மரநிழலும் மழைநீர் இறங்கும் நிலமும் கட்டடத்திற்குப் பின் மிஞ்சிய இடத்தில் அல்லாமல் முதலிலேயே ஒதுக்கப்பட வேண்டும். 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலத்திற்கு இது புதிதன்று. ஐந்தாவது, அங்கு வாழப்போகிறவர் வரைபடம் முடியுமுன் கருத்துச் சொல்ல வேண்டும். முடிந்தபின் சாவி வாங்க மட்டும் அழைக்கப்படுதல் பங்கேற்பாகாது.

கவிஞர்க்கு ஒரு பணி

கடலின் சினத்தால் புகார் அழிந்தது என்று மணிமேகலை கூறுகிறது. இந்திரவிழாவை மறந்ததே காரணம் என்பது அக்காப்பியத்தின் விளக்கம். இருபாக்கத்தாரும் கூடிய விழாவை மறந்த நகரம் அழிந்தது என்னும் செய்தியை, பொதுவிடத்தையும் பொதுவாழ்வையும் மறத்தல் ஆகாது என்னும் எச்சரிக்கையாக இன்றும் கொள்ளலாம்.

நகரமைப்பாளர் அளவுகோலால் செய்வதைப் புலவர் சொல்லால் செய்தனர். வெற்றிலை விற்போரையும் தோல் வினைஞரையும் விடாமல் பெயர்சுட்டிப் பட்டியலிட்ட இளங்கோவடிகள், நகரம் யாரால் இயங்குகிறது என்பதை அரசவைக்கும் அறிவித்தார். இன்றைய வரைபடங்களில் அப்பட்டியல் இல்லை. வீடுகளின் எண்ணிக்கை மட்டுமே உள்ளது. நகரத்தைத் தீயது என்றும் சிற்றூரை நல்லது என்றும் பாடிய பாடல்கள் தமிழில் போதிய அளவு வந்துவிட்டன. காலை நான்கு மணிக்கு எழுந்து பேருந்துக்கு நிற்கும் பெண்ணின் தொலைவையும், சன்னலில் திறந்த கடையையும், வேலை மறுக்கப்பட்ட முகவரியையும் பெயர்சுட்டி எழுதும் பாடல்கள் இன்னும் மிகுதியாக வர வேண்டும். அவற்றுள் பல அந்த முகவரியிலிருந்தே வர வேண்டும். அவ்வாறு எழுதும் இளைஞர்க்கு, பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டத்தின் மேடையில் இடம் கிடைக்குமாயின், இலக்கியத்தாலும் ஓர் ஊர் அமையும்.